ஒரு கிலோ யுரேனியம் எத்தனை கிலோ நிலக்கரிக்குச் சமம்? ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே, எது சரி?

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் பார்த்த எண்கள் எல்லாமே சரியாக இருக்கலாம். எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று சொல்லாமல் விடுவதுதான் கோளாறு.

இதே கணக்கில் ஐந்து மதிப்பெண் பறிகொடுத்தவன் நான். கல்லூரி இரண்டாம் ஆண்டு. யுரேனியம்-235 அணுக்கரு ஒன்று பிளந்தால் ஏறக்குறைய 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வரும். கார்பன் அணு ஒன்று எரிந்தால் வெறும் 4. ஆக, அணுவுக்கு அணு 5 கோடி மடங்கு. ஆனால் கேள்வியில் 'சம நிறை' என்று இருந்தது. யுரேனியம் அணு கார்பனைவிட 20 மடங்கு கனம், அதனால் ஒரு கிலோவில் அணுக்களின் எண்ணிக்கையும் அந்த அளவுக்குக் குறையும். வகுத்து, 25 லட்சம் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அதன் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. விடைக்குறிப்பில் 5 கோடி என்று இருந்ததாம். கேள்வித்தாளை நீட்டிக் காட்டினேன். "குறிப்பில் இருப்பதுதான் விடை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வழிமுறைக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. கடைசி வரியை மட்டும் பார்த்துத் திருத்துவது என்றால், மாணவன் எதற்காகப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும்? இன்றைக்கும் இதை நினைத்தால் மனது ஆறுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த 25 லட்சமும் அணு உலைக்குள் அப்படியே கிடைப்பதில்லை. பெரும்பாலான உலைகளின் எரிபொருளில் யுரேனியம்-235 இருப்பது 3 முதல் 5 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி, எளிதில் பிளக்காத இன்னொரு வகையான யுரேனியம்-238 ஆகவே வெளியே வந்துவிடும். அதனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சுமார் 1.5 லட்சம் மடங்கு. செறிவூட்டும் முன், அதாவது யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டும் முன், இருந்த இயற்கை யுரேனியத்தின் எடையை வைத்துப் பார்த்தால் 20,000 மடங்கு அளவுக்கு இறங்கிவிடும்.

நிலக்கரி முழுக்கக் கார்பன் இல்லையே என்று யாராவது வருவார்கள். தெரியும். கடைசி இரண்டு கணக்கிலும் நிலக்கரிக்குக் கிலோவுக்கு 25 மெகாஜூல் என்றுதான் வைத்திருக்கிறேன். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. கழிவும் பாதுகாப்பும் தனிக் கேள்விகள்.

கண்ணால் பார்த்த மாதிரி வேண்டுமென்றால், எரிபொருள் வில்லை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி அளவு, 7 கிராம் எடை. ஏறக்குறைய ஒரு டன் நிலக்கரியின் வெப்பம் அதற்குள் இருக்கிறது. அப்புறம், தேர்வில் 'ஓர் அணுவுக்கு', 'ஒரு கிலோவுக்கு' என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி, கோடு போட்டுவிடுங்கள்.