பக்கற் உணவில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கைபேசிச் செயலி சரியாகச் சொல்லுமா?

சேர்க்கைப் பொருட்களுக்குப் பதிலாகப் பக்கற்றில் போடும் 471, 120 போன்ற எண்ணுக்குப் பெயர் சொல்லும். அந்தப் பொருள் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பல வேளைகளில் சொல்லாது. திருகோணமலையில் கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் அம்மாவுக்காகக் கடையில் பொருள் தேடும் எனக்கு வேண்டியதோ அந்த இரண்டாவது விவரம்தான்.

நான் வைத்திருப்பது ஓப்பன் ஃபுட் ஃபாக்ட்ஸ். 2012இல் பிரான்சில் தொடங்கிய இலவசத் திட்டம். விவரங்களில் பெரும்பகுதியைத் தருபவர்கள் நம்மைப் போன்ற பாவனையாளர்கள். அதனால் பெயர்பெற்ற வெளிநாட்டுச் சொக்லேட் என்றால் பார்கோடைக் காட்டியதும் எல்லாம் வந்து விழுகிறது. பார்கோடு 479 என்று தொடங்கும் நம் நாட்டு நிறுவனங்களின் பொருள் பலவும் அதில் இல்லை. உள்ளடக்கத்தைப் படம் எடுத்து நாமே சேர்க்க வேண்டும். பளபளக்கும் பக்கற்றை இழுத்துப் பிடித்துப் படம் எடுங்கள். சுருக்கம் விழுந்தால் 110ஐ 119 என்று வாசித்துவிடும்.

யோகட் கோப்பை ஒன்றைப் பாருங்கள். பொடி எழுத்தில் பால், சீனி, அடுத்து ஜெலட்டின் என்று இருக்கும். மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது அது. ஐரோப்பியச் சட்டம் அதை உணவுப் பொருளாகவே கொள்வதால் அதற்கு ஈ எண், அதாவது ஐரோப்பாவில் சேர்க்கைகளுக்கு E எழுத்துடன் தரும் எண், கிடையாது. ஆகவே செயலியின் சேர்க்கைப் பட்டியலில் தேடிப் பயனில்லை. 'சைவமா' என்று தனியாகக் காட்டும் வரியைத்தான் பார்க்க வேண்டும். அந்த வரியிலும் ஒரு சிக்கல். வெள்ளைக்காரர் கணக்கில் முட்டை சைவம்! இந்தியாவில் இருந்து வரும் பக்கற்றில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் முட்டையும் இல்லை என்று பொருள். விரதக்காரருக்குச் செயலியைவிட அந்தப் புள்ளி மேல்.

அடுத்த தலைவலி 471, எண்ணெயும் நீரும் பிரியாமல் வைக்கும் சேர்க்கை. பிஸ்கட், ஐஸ்கிறீம், பாண் என்று எங்கும் இருக்கும். பாம் எண்ணெயிலும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலும் செய்யலாம். இரண்டுக்கும் ஒரே எண். நூடில்ஸ் மசாலாவில் சுவை கூட்ட வரும் 631உம் அப்படித்தான், இறைச்சி, மீன், மரவள்ளி மாவு எதிலிருந்தும் வரலாம். கிண்ணியாவில் இருந்து வரும் என் அலுவலக நண்பர் ஹலால் முத்திரையைப் பார்த்துத் திருப்தியடைகிறார். அது அவருக்குப் போதும், எங்களுக்குப் போதாது. பன்றி இல்லை என்பதற்கு அது உறுதி. மாடு இல்லை என்பதற்கு அல்ல. 120இல் மட்டும் சந்தேகமே வேண்டாம். சில ஸ்ட்ரோபெரி பானங்களின் அந்தச் சிவப்பு, பூச்சியை உலர்த்தி எடுப்பது.

இந்த எண்கள் உடலுக்குக் கெடுதலா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணைக் கண்டதும் பயப்பட வேண்டாம்: 100 மஞ்சளின் நிறம், 300 வைட்டமின் சி, 330 எலுமிச்சையில் உள்ள அதே சிற்றிக் அமிலம். பிள்ளைகளுக்கு வாங்கும்போது 102, 110, 122, 124 போன்ற நிறங்களைக் கவனியுங்கள். இவை சேர்ந்த உணவுகளில், பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்று அச்சிடுவதை 2010இல் இருந்து ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கே அந்த வரியை எதிர்பார்க்காதீர்கள். எண்ணைப் பார்த்து நீங்களேதான் விலக்க வேண்டும்.

471 எதில் செய்தது என்று அறிய ஒரே வழி, பக்கற்றில் உள்ள நிறுவனத்தின் தொலைபேசி எண்தான். "இது சைவமா?" என்று கேட்டால் "ஓம்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். "உங்கள் 471 தாவர எண்ணெயில் செய்ததா, எழுத்தில் தர முடியுமா?" என்று கேளுங்கள்.