சாமிக்குப் போட்ட பூவை என்ன செய்யலாம்? மலையக வாசகர்களுக்குப் பதில்கள்

திருவிழாக் காலம் தொடங்கியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தோட்டத்துக் கோயில்களில் கழிகிற பூ, மாலை, வாழையிலை, சிரட்டை எல்லாவற்றையும் பெண்கள் குழுக்களோடு சேர்ந்து பசளையாகவும் சாயமாகவும் ஆக்குகிற வேலையில் இருக்கிறேன். அதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வங்கிக் கடன் பற்றிக் கேட்டவர்கள் வங்கியிலேயே விசாரியுங்கள், அது என் துறை இல்லை.

மஸ்கெலியா: திருவிழா முடிந்ததும் பூவை எல்லாம் ஓடையில் விடுகிறோம். பூதானே அக்கா, கரைந்து போகாதா?

பூ கரையும், மாலை கரையாது. நைலோன் நூல், ஜிகினா, பொலித்தீன் நாடா எல்லாம் கல்லிடுக்கில் சிக்கி அடுத்த திருவிழாவுக்கும் அங்கேயே கிடக்கும். அழுகுகிற பூ தண்ணீரிலுள்ள ஒக்சிசனைக் குறைத்துவிடும். தோட்டத்தின் மேல் டிவிஷனில் நீங்கள் கொட்டும் ஓடைதான் கீழ் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, குடிக்கிற பீலித் தண்ணீர். பிளாஸ்டிக் மாலைக்கு 2023 ஒக்டோபர் 1 முதல் நாட்டிலேயே தடை இருக்கிறது. கோயில் கமிட்டி அதை முதலில் நிறுத்தட்டும்.

நுவரெலியா: கோயில் பூவில் கூட்டுப்பசளை போட்டேன். சூடே ஏறவில்லை, நாற்றம்தான் வருகிறது. ஏன்?

நீங்கள் பூவை மட்டும் குவித்திருப்பீர்கள். பூவில் ஈரமும் நைதரசனும் அதிகம். காற்றுப் போக வழியில்லாமல் அமுங்கி அழுகுகிறது. ஒரு வாளி பூவுக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு அல்லது நறுக்கிய காய்ந்த புல் சேருங்கள். காபன் 25 முதல் 30 பங்கு, நைதரசன் 1 பங்கு என்று புத்தகத்தில் போட்டிருப்பதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கொஞ்சம் மாட்டுச் சாணம் கலந்தால் வேலை சீக்கிரம் தொடங்கும். யூக்கலிப்டஸ் இலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அது மட்க நாளாகும்.

உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். சின்னக் குவியல் வைத்தால் உண்டாகிற சூடு வெளியே போய்விடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையக் கூடாது. மேலே தகரம் போட்டு மழையைத் தடுங்கள். நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் குவியல் சரியாக வேகிறது. 55 பாகைக்கு மேல் சில நாள் நின்றால்தான் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் சாகும். சூடு இறங்கியதும் கிளறிவிடுங்கள். அபிஷேகப் பால், நெய், பொங்கல் எதையும் போடாதீர்கள், எலி வரும். குங்குமம் அப்பிய பூவும் வேண்டாம். கடைக் குங்குமத்தில் என்ன சாயம் இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது.

அரைகுறையாக மட்கியதை விற்காதீர்கள். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய மாதங்களில் கூட்டுப்பசளை என்ற பெயரில் தரமில்லாததையும் வாங்கிப் போட்டு ஏமாந்த மரக்கறிக்காரர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் நம்பிக்கையை இன்னொரு முறை கெடுக்கக் கூடாது.

பதுளை: ஊதுபத்தி செய்ய எந்த இயந்திரம் வாங்கலாம்?

இப்போது எதுவும் வாங்காதீர்கள். முதலில் பூவை நொறுங்கும்படி காயவைக்கப் பழகுங்கள். உங்கள் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் பூ காயாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

பண்டாரவளை: செவ்வந்திப் பூவில் துணிக்குச் சாயம் ஏற்றலாமா?

தாராளமாக. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பருத்தித் துணியை முதலில் சவர்க்காரம் போட்டு நன்றாக அலசுங்கள். பருத்தி சாயத்தை இலகுவில் பிடிக்காது. அதனால் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு படிகாரத்தில் ஊறவையுங்கள். 100 கிராம் துணிக்குப் படிகாரம் 10 முதல் 15 கிராம் போதும். கடுக்காய் இல்லாவிட்டால் வீட்டுத் தேயிலைச் சக்கையை அவித்த தண்ணீரிலும் செய்யலாம், மஞ்சள் கொஞ்சம் பழுப்படிக்கும். துணியின் எடைக்குச் சமமாகக் காய்ந்த இதழ் எடுத்து, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். பழைய ஆணி ஊறிய தண்ணீரைத் துளி சேர்த்தால் பச்சை கலந்த நிறமாக மாறும். இந்தச் சாயம் வெயிலில் மங்கும். நிழலில் காயவைக்கும்படி வாங்குபவரிடம் சொல்லியே விற்க வேண்டும். சமையல் பாத்திரத்தை இதற்குத் தொடாதீர்கள்.

மாத்தளை, ஒரு பெரியவர்: சாமிக்குச் சாத்திய நிர்மாலியத்தைக் காசாக்குவது பாவமில்லையா?

ஹட்டன், ஒரு தங்கச்சி: கோயில் பின்னால் கொட்டி நாய் மிதிப்பது மட்டும் பாவமில்லையா ஐயா?

இரண்டு பேரும் கேட்டது சரியான கேள்விதான். சிவன் கோயிலில் நிர்மாலியம் சண்டேசுவரருக்கு உரியது. அது காலில் மிதிபடக் கூடாது என்பது மரபு. அதனால் கருவறையிலிருந்து வரும் பூவுக்கு நாங்கள் தனிக் கூடை வைக்கிறோம். அது கோயில் நிலத்திலேயே குழியில் மட்கி, கோயில் நந்தவனத்துக்கே பசளையாகிறது. அதை விற்பதில்லை. பந்தல், தோரணம், தேர், காவடி ஆகியவற்றில் கட்டிய பூ மட்டும் சாயத்துக்கும் சாம்பிராணிக்கும் போகிறது. உங்கள் முத்துமாரியம்மன் மாசிமகத் தேருக்கு ஐந்து தேரிலும் கட்டுகிற பூவை நினைத்துப் பாருங்கள் ஐயா.

மாத்தளைப் பெரியவர் மறுபடியும்: தேரில் கட்டுவதும் சாமிக்குத்தானே? ஓடும் நீரில் விடுவதுதான் முறை.

தேர்ப் பூ விஷயத்தில் அந்தந்தக் கோயில் குருக்கள் சொல்வதே முடிவு. கொடியேற்றத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அத்தனையும் நந்தவனக் குழிக்கே போகட்டும். ஆனால் ஓடும் நீரில் விடுகிற முறை, வாழைநாரில் மாலை கட்டிய காலத்தது. இன்று நைலோனும் பூச்சிமருந்தும் சேர்ந்து போகிற தண்ணீரை லயத்துப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. தங்கச்சிக்கும் ஒன்று: பெரியவரைக் கோபித்துக்கொண்டு இந்த வேலையைத் தோட்டத்தில் நடத்த முடியாது.

தலவாக்கலை: சிதறு தேங்காய்ச் சிரட்டை?

அன்றைக்கே பொறுக்குங்கள். மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும், அந்த முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். சேர்ந்த சிரட்டையைக் கரியாக்கலாம்.

வெலிமடை, ஹப்புத்தளை, இன்னும் பலர்: ஊதுபத்தி இயந்திரம் என்ன விலை?

பதுளைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கண்டி: இந்தியாவில் செய்வதுபோல் பெரிதாகச் செய்ய முடியாதா?

கான்பூரின் பூல் நிறுவனம் கங்கைக்குப் போகிற கோயில் பூவிலிருந்து ஊதுபத்தி செய்கிறது, தோல்போன்ற பொருளும் செய்திருக்கிறது. அங்கே பெரிய கோயில்கள் தினமும் பூ தருகின்றன. நம் தோட்டத்துக் கோயில்களில் திருவிழா நாட்களில்தான் குவியும். உங்கள் ஊரில் தலதா மாளிகைக்குத் தினமும் பூ வருவதால் அங்கே நிலைமை வேறு. விகாரையோடு பேசிப் பார்க்கலாம்.

பொகவந்தலாவை: பூப் பிரிக்கிற பெண்களுக்குச் சம்பளம் வேண்டுமா? கோயில் தொண்டுதானே?

வேண்டும். காலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்து உட்கார்ந்து நூல் நூலாக உருவுகிறார்கள். மொத்த வேலையில் பாதிக்கு மேல் அதுதான். விற்ற பிறகு பங்கு தருகிறோம் என்று இழுக்காதீர்கள். உட்கார்ந்த மணிக்கணக்குக்கு அன்றைக்கே கொடுங்கள். லாபம் வந்தால் அதிலும் பங்கு தாருங்கள். தொண்டு செய்ய விரும்புகிற கமிட்டித் தலைவர்களும் ஒரு மாலை நேரம் வந்து நூல் உருவலாம்.

நோர்வூட்: பூவைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்து ஞாயிறு பிரிக்கலாமா?

கூடாது. ஒரே இரவில் புழுங்கி அழுகிவிடும். சாக்கில் பரப்பி வையுங்கள், நூலை அன்றைக்கே எடுங்கள்.