மனைவி உச்சம் அடைந்தாரா என்று கணவன் எப்படி அறிவது?

கேள்வி கேட்டவர் கீழே விவரமும் எழுதியிருக்கிறார். திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றனவாம். தம்மால் நெடுநேரம் ஈடுபட முடியாததால்தான் மனைவி உச்சம் அடைவதில்லையோ என்று சந்தேகம். மனைவியைக் கேட்டால் "ம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாராம். உச்சம் வராவிட்டால் குழந்தை தங்காது என்று நண்பர் வேறு பயமுறுத்தியிருக்கிறார்.

மகளிர் நோய்ப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தச் சந்தேகத்தைக் கணவர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. மனைவியர் கேட்டிருக்கிறார்கள், அதுவும் டாக்டரைப் பார்த்து முடித்துக் கிளம்பும்போது, மருந்துச்சீட்டை மடித்துக்கொண்டே.

நேரக் கணக்கை முதலில் விடுங்கள், தம்பி. நள்ளிரவுத் தொலைக்காட்சியில் லேகியம் விற்பவர்கள் ஆண்களின் மனத்தில் ஏற்றிவைத்த பயம் அது. பெண்ணின் உச்சத்துக்கு மையமான உறுப்பு கிளிட்டோரிஸ். அது யோனிக்குள் இல்லை. சிறுநீர்த் துளைக்கும் மேலே, உள்ளுதடுகள் இரண்டும் கூடும் இடத்தில் அதன் நுனி மட்டும் வெளியே தெரியும். மீதியெல்லாம் உள்ளே இரண்டு கிளைகளாகப் பிரிந்து கிடக்கிறது. கருவில் எந்தத் திசு ஆண்குறியாக வளர்கிறதோ, அதே திசுதான் பெண்ணிடம் இப்படி வளர்கிறது. ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் கோபெல்ட் 1844-லேயே இதை விரிவாக வரைந்துவிட்டார். பிறகு வந்த பாடநூல்கள் பலவற்றில் அது சுருங்கிச் சிறு புள்ளியாகிவிட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ'கானெல் 1998-இல் மறுபடி எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஆண் உறுப்பை இப்படி ஒரு நூற்றாண்டு மறந்திருப்பார்களா?

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு 1905-இல் ஒரு குழப்பத்தைக் கிளப்பினார். வயது முதிர முதிரப் பெண்ணின் இன்பம் கிளிட்டோரிஸிலிருந்து யோனிக்கு மாற வேண்டும், மாறாதவள் முதிர்ச்சி பெறாதவள் என்றார். பாலுறவு பற்றி ஆராய்ந்த அமெரிக்கர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் ஆய்வகத்தில் அளந்து பார்த்து 1966-இல் வெளியிட்ட முடிவுகளில், தூண்டல் எங்கிருந்து வந்தாலும் உடல் காட்டும் உச்சம் ஒன்றுதான். ஆனாலும் ஃபிராய்டின் கருத்து இன்னும் சாகவில்லை.

ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018-இல் அச்சில் வந்தது. ஆண்களோடு உறவு கொள்ளும் பெண்களில் 65 சதவீதம் பேர் எப்போதும் அல்லது பெரும்பாலும் உச்சம் அடைவதாகச் சொன்னார்கள். பெண்களோடு உறவு கொள்ளும் பெண்களில் 86 சதவீதம். குறை பெண்ணுடலில் என்றால் இந்த 86 எங்கிருந்து வந்தது? கைக்கும் வாய்க்கும் முத்தத்துக்கும் அங்கே நேரம் இருந்திருக்கிறது. உங்கள் படுக்கையிலும் அவற்றுக்கு இடம் கொடுங்கள்.

ஆசை எப்போது வரும் என்பதிலும் நாம் ஆண் கணக்கையே போடுகிறோம். முதலில் ஆசை, பிறகு கிளர்ச்சி என்ற வரிசை எல்லோருக்கும் பொருந்தாது என்று கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-இல் எழுதினார். நீண்ட நாள் உறவில் உள்ள பல பெண்களுக்கு அணைப்பும் தொடுகையும் பிடித்த பிறகுதான் ஆசை தலைகாட்டும். அதற்காக, வேண்டாம் என்பவரை வற்புறுத்தலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யோனி ஈரமாவதும் சம்மதத்துக்கு அடையாளம் அல்ல. அடுத்த அறையில் மாமியார் இருமுகிறார், தாழ்ப்பாள் சரியில்லை, காலையில் ஐந்து மணிக்கு எழ வேண்டும். இந்த நிலையில் எந்த உடல் இளகும்?

இனி உங்கள் நேர்க் கேள்வி. உச்சத்தில் யோனியைச் சுற்றியுள்ள இடுப்புத் தளத் தசைகள் ஏறக்குறைய 0.8 நொடி இடைவெளியில் தாளமாகச் சுருங்கி விரியும். சிலருக்கு அது பலமாக, சிலருக்கு மிக மெல்லியதாக இருக்கும். முனகலையும் மூச்சிரைப்பையும் நம்பாதீர்கள், அவற்றை நடிக்க முடியும். நீங்கள் மனம் நோகக் கூடாது என்றோ, சீக்கிரம் முடிந்தால் தூங்கலாம் என்றோ பெண்கள் நடிக்கிறார்கள். உங்கள் மனைவியின் "ம்" அப்படிப்பட்டதாக இருக்கலாம். முடிந்தவுடன் "வந்ததா?" என்று கேட்பது தேர்வு முடிவு கேட்பதைப் போல. வேறொரு வேளையில், நிதானமாக, "எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். தன் உடலைத் தானே தொட்டு அறிந்துகொள்வதில் எந்தக் கெடுதலும் இல்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

வலி இருந்தால் மட்டும் பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள். வறட்சி, தொற்று, தசை இறுக்கம் எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் உச்சத்தைத் தள்ளிப்போடும். அதை டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தர வழி உண்டு. நீங்களாக நிறுத்தக் கூடாது.

குழந்தை விஷயத்தில் நண்பர் சொன்னது தவறு. உச்சம் வராமலே கரு தங்கும். பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லாமல் ஓராண்டு முயன்றும் தங்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்குப் போங்கள். விந்துப் பரிசோதனை எளிது, வலியும் இல்லை. அதைத் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள்.