பிம்பம் கண்ணில் தங்குவதால்தான் படம் அசைகிறதா?

வணக்கம். வியாசர்பாடியில் திரைப்பட வகுப்பு எடுக்கும் நீங்கள், விழித்திரையில் பிம்பம் சற்றுத் தங்குவதால்தான் அசைவு தெரிகிறது என்று சொன்னபோது, அப்படியானால் முந்தைய படம் அடுத்ததோடு கலந்து குழம்பாதா என்று ஒரு மாணவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் கேட்டது சரி. அந்த விளக்கம்தான் பழையது.

பிம்பம் தங்குவது, மினுக்கம் தெரியாமல் போவதற்கு ஓரளவு காரணமாகலாம்: நொடிக்கு 24 படங்கள் ஓடும் படச்சுருளில், புரொஜெக்டரில் ஒளியை மறைத்துத் திறக்கும் ஷட்டர் ஒவ்வொன்றையும் இரண்டு அல்லது மூன்று முறை காட்டுவதால், திரை நொடிக்கு 48 அல்லது 72 முறை ஒளிர்கிறது. அசைவு வேறு சங்கதி. திருவொற்றியூர்த் திருவிழாவில் சீரியல் விளக்குகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். எந்தப் பல்பும் இடம்பெயர்வதில்லை, ஆனாலும் ஒளி ஓடுகிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912இல் ஆராய்ந்தது இத்தகைய தோற்ற அசைவைத்தான். திரையில் காணும் அசைவைப் பார்ப்பவரின் மனமே படைக்கிறது என்று 1916இல் மற்றோர் உளவியலாளரான ஹூகோ மியூன்ஸ்டர்பெர்க் வாதிட்டார்.

தத்துவவாதி கிரிகோரி கர்ரியோ அந்த அசைவை மாயை என்று ஒதுக்காமல், நிறத்தைப் போல நம் பார்வையைச் சார்ந்திருந்தாலும் உண்மையான அசைவே என்கிறார். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. இருந்தாலும், சீரியல் விளக்கில் ஓடுவது எது என்ற கேள்வியோடு அடுத்த வகுப்பைத் தொடங்கினால், அந்த மாணவியே விவாதத்தை நடத்திச் செல்வார்.