காய்ந்த சுருட்டை முடியில் சீப்பை வைக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. அடர்த்தியான சுருட்டை முடி. ஞாயிறன்று சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, காய்ந்ததும் வாரினால் கொத்துக் கொத்தாக வருகிறது. சிக்கெடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அழுதுவிடுகிறாள். அழகு நிலையத்தில் 7,000 ரூபாய்க்குக் ‘கெரட்டின் சிகிச்சை’ செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? எப்படிக் குளிக்க வைப்பது?
– வாசகி, திண்டுக்கல்

தோல் மருத்துவரின் பதில்:

கெரட்டின் சிகிச்சை வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மகளின் முடியில் நோய் எதுவும் தெரியவில்லை. காய்ந்த பிறகு வாருகிறீர்களே, சிக்கல் அங்கேதான்.

நேரான முடியில் தலையில் சுரக்கும் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடைபடும். அதனால் வேர் பிசுபிசுத்தாலும் நுனி வறண்டே கிடக்கும். வறண்ட இழைகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். நாள்தோறும் எல்லோருக்கும் 50 முதல் 100 முடி உதிர்கிறது. சுருளில் அவை கீழே விழாமல் உள்ளேயே சிக்கி, குளிக்கும் நாளில் மொத்தமாகக் கையில் வருகின்றன.

பயம் தெளிய ஒன்று செய்யுங்கள். சீப்பில் வந்த முடியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளி இருந்தால் அது தானாக உதிர்ந்த முடி. புள்ளி இல்லாமல் குட்டையாக இருப்பவை நீங்கள் இழுத்து அறுத்தவை. புள்ளி உள்ள முடியே மாதக்கணக்கில் மிகுதியாக வந்து, வகிடும் அகலமானால் மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்தும் தைராய்டும் பரிசோதியுங்கள்.

இனி குளியல். வாரம் ஒருமுறை போதும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது முந்தைய இரவு, இரண்டு மூன்று தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை முடியின் நீளத்தில் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும்) கனிம எண்ணெய்க்கும் அந்தத் திறன் இல்லை என்று 2003-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. பிறகு தலைமுடியை நான்காகப் பிரித்து, பெரிய முடிச்சுகளை விரலாலேயே தளர்த்துங்கள்.

பொடுகு இருந்தால் எண்ணெய் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இதில்தான் பல அம்மாக்கள் தவறுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயைத் தின்று வளரும். செதில் உதிர்வதை வறட்சி என்று எண்ணி மேலும் மேலும் எண்ணெய் வைத்தால், அதற்கு நாமே தீனி போடுகிறோம். சீயக்காய்த் தூளின் மிச்சத்தையும் பொடுகு என்று பயப்பட வேண்டாம். அது மணல்போல உருளும். பொடுகு எண்ணெய்ப் பசையோடு தோலில் ஒட்டியிருக்கும், அரிக்கும். அப்படி இருந்தால் வேரில் எண்ணெயே வைக்காதீர்கள், நீளத்துக்கு மட்டும் தடவுங்கள். பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் 2 சதவீதக் கீட்டோகோனசோல் மருந்து ஷாம்பூவை வாரம் இருமுறை, தலைத்தோலில் மட்டும் தேய்த்து, ஐந்து நிமிடம் வைத்து அலசுங்கள். நான்கு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சீயக்காயைத் தூளாகத் தேய்க்காதீர்கள். துகள்கள் சுருளுக்குள் புகுந்தால் எத்தனை குடம் ஊற்றினாலும் போகாது. கொதிக்கவைத்து மெல்லிய துணியில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்துங்கள். மென்மையான ஷாம்பூவும் போதும். எதுவானாலும் வேரில் மட்டும் விரல் நுனியால் தேய்த்தால், வழியும் நுரையே நீளத்தைச் சுத்தமாக்கிவிடும். துணி துவைப்பதுபோல் முடியை உச்சியில் குவித்துக் கசக்கக் கூடாது.

அடுத்ததுதான் உங்கள் ஒன்றரை மணி நேரத்தை மிச்சமாக்கும் வேலை. கண்டிஷனரையோ, செம்பருத்தி இலையைக் கசக்கி வடித்த வழுவழுப்பான சாற்றையோ நுனியிலிருந்து தாராளமாகப் பூசுங்கள். அது முடியில் இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியில் நான்கு விரற்கடை வாருங்கள். அது தடையில்லாமல் போனதும் அதற்கு மேல் நான்கு விரற்கடை. இப்படியே வேர்வரை ஏறுங்கள். ஈர முடி வலுவிழந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் வழுவழுப்பு இருக்கும்போது சீப்பு இழுக்காமல் நழுவும். பிறகு அலசுங்கள்.

துண்டால் தட்டி ஈரம் உதறும் பழக்கத்தை விடுங்கள். பழைய பருத்தி வேட்டியில் பொத்தி, அழுத்தி எடுங்கள். காய்ந்தபின் சீப்பு வேண்டாம், விரல் போதும்.

மீண்டும் அந்த அழகு நிலையத்துக்கு வருகிறேன். கெரட்டின் என்பது முடியில் இருக்கும் புரதம். முடிக்கு அதை ஊட்டுவதுபோல் பெயர் வைத்திருக்கிறார்கள். முடியை நேராக்குவது பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு அல்லது அதை வெளியிடும் ரசாயனமும், 200 டிகிரியைத் தாண்டும் இஸ்திரிப் பட்டையும்தான். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். ‘ஃபார்மால்டிஹைடு இல்லாதது’ என்பார்கள். அவற்றில் பலவற்றில், முடியை நேராக்கும் இன்னொரு ரசாயனமான கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 என மூன்று முறை முடி நேராக்கியபோது மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-இல் பதிவு செய்தார்கள். பூசிய களிம்பில் இருந்தது அந்த அமிலம்தான்.

நம் நாட்டுச் சட்டப்படி அழகுப் பொருளின் மேலட்டையில் மூலப்பொருள்களும் உற்பத்தியாளர் விவரமும் இருக்க வேண்டும். ஆனால் கிண்ணத்தில் கலக்கிக் கொண்டுவந்து பூசும்போது அந்த அட்டையை யார் பார்க்கிறார்கள்? யார் வந்து சோதிக்கிறார்கள்? என்னிடம் வருபவர்களில் தன் தலையில் என்ன பூசினார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இது என்னைக் கோபப்படுத்துகிறது. உங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர் வந்தால், அதற்கென்று குழாயில் மாட்டும் சிறு வடிகட்டியையும் வாங்காதீர்கள். அது கடினத்தன்மையைப் போக்காது. கடைசி அலசலுக்கு ஒரு குடம் மழைநீரோ குடிநீரோ போதும்.

பள்ளி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். ‘படிய வாரி, இறுக்கமான இரட்டைப் பின்னல்’ என்று சுருட்டை முடிப் பெண்களைக் கட்டாயப்படுத்தும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. நாள்தோறும் அப்படி இழுத்தால் நெற்றியோர முடி உதிரும், நாளடைவில் அங்கே மீண்டும் முளைக்காமலே போகலாம். தளர்வாகப் பின்னி அனுப்புங்கள். ஆசிரியர் ஆட்சேபித்தால் பக்கத்திலுள்ள தோல் மருத்துவரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கிக் கொடுங்கள்.