குரல் போன பிறகு

அன்புள்ள சார்,

போன மாதம் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாடகரை முதல்முறையாக நேரில் கேட்டேன். இருபது வருடமாக அவருடைய பழைய பதிவுகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். கைத்தாங்கலாகத்தான் மேடைக்கு அழைத்து வந்தார்கள். மேல் ஸ்தாயியில் குரல் நிற்கவில்லை, பாட்டின் நடுவே மூச்சு வாங்கியது. ஏமாற்றத்தோடுதான் வெளியே வந்தேன். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பதிவுகளை முன்புபோல் கேட்க முடியவில்லை, கச்சேரிதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடுகிறது. நான் கேட்டது சங்கீதத்தையா, இல்லை ஒரு பெரியவர் மேல் வந்த பரிதாபமா? இந்த வயதில் பாடத்தான் வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பரிதாபமாக இருந்தால் ஒரு வாரத்தில் வடிந்திருக்கும்.

எனக்கும் ஒரு கச்சேரி அப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீணை. வாசித்த அம்மாளுக்கு எண்பதுக்கு மேல். ஓரமாக, நாலைந்து அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். சுருதி சேர்க்கப் பிரடையைத் திருகும்போது கை நடுங்கியது. சிஷ்யை உதவிக்கு நகர்ந்து வந்தார். அம்மாள் தலையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றார். தந்தியில் விரல் பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். நிற்கவில்லை. நடுக்கத்துக்கும் சேர்த்து இடம் விட்டு வாசித்தார். பழைய பதிவில், ஒரே மீட்டில் தந்தியை இழுத்து ஐந்து சுரம் தொடும் ஓர் இடம் உண்டு. அன்றைக்கு மூன்றோடு விட்டுவிட்டார். விட்டுவிட்டு, தந்தி அதிர்ந்து அடங்கும் வரை காத்திருந்தார். மிருதங்கக்காரரும் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். மீதி இரண்டு சுரத்தை நான் உள்ளுக்குள் பாடிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

எல்லாமே கைக்கு வருகிற வயதில் ஒரு கலைஞர் எதை விடுகிறார், எதை வைத்துக்கொள்கிறார் என்பது நமக்குத் தெரிவதேயில்லை. உடம்பு ஒத்துழைக்காதபோது அது கண்ணெதிரே நடக்கிறது. பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். வயதான பிறகு குறைவான உருப்படிகளை எடுத்துக்கொண்டு அவற்றையே அதிகம் சாதகம் செய்தாராம். விரைவான பகுதி வருவதற்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைப்பாராம், அடுத்து வருவது இன்னும் வேகமாகக் கேட்கட்டும் என்று! 1976-ல் லண்டன் விக்மோர் ஹாலில் கடைசிக் கச்சேரியை வாசித்தபோது அவருக்கு 89 வயது. பார்வை ஏறக்குறையப் போயிருந்தது.

குரலுக்கு இது இன்னும் கஷ்டம். வயதாக ஆகக் குரல்நாண்கள் மெலிந்து நெகிழ்ச்சியை இழக்கின்றன, நுரையீரலும் முன்போல் மூச்சைத் தாங்கிக் கொடுப்பதில்லை. உங்கள் பெரியவருக்கு மூச்சு வாங்கிய இடங்களை நினைத்துப் பாருங்கள். சொல்லை நடுவில் உடைத்தாரா, சொல் முடிந்த இடமாகப் பார்த்து நிறுத்தினாரா? இரண்டாவது என்றால் நீங்கள் கேட்டது சங்கீதம்தான்.

சரி, பாடத்தான் வேண்டுமா? முதியவர்களின் கச்சேரி எல்லாமே மகத்தானது என்று நான் சொல்ல மாட்டேன். பெயருக்காகவே கூட்டம் எழுந்து நின்று கைதட்டும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். இன்னொரு பியானோ கலைஞர் விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1983-ல், 79 வயதில், டோக்கியோவில் வாசித்தபோது மறதியும் தப்பு சுரங்களுமாக இருந்தது. விரிசல் விட்ட பழம்பொருள் என்கிற அர்த்தத்தில் ஜப்பானிய விமர்சகர் ஒருவர் எழுதினார். அன்று கேட்டிருந்தால் நானும் அவரைப் போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்துகளுக்கு அதில் பெரிய பங்கு இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. மூன்று வருடம் கழித்து, 1925-ல் விட்டுப்போன நாட்டுக்குத் திரும்பி, மாஸ்கோவில் வாசித்தார். அதில் ஷூமனின் 'ட்ராய்மெராய்' என்கிற, பியானோ கற்கும் பிள்ளைகள்கூட வாசிக்கிற, சின்ன உருப்படி ஒன்று. கேட்பவர் ஒருவரின் கன்னத்தில் கண்ணீர் வழிவது படப்பதிவில் இருக்கிறது.

2012 நவம்பரில், கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில், சிதார் கலைஞர் ரவிசங்கர் ஆக்ஸிஜன் முகமூடியோடு மேடையேறினார். 92 வயது, பக்கத்தில் மகள் அனுஷ்கா. அடுத்த மாதம் மறைந்தார். அவரிடம் போய் வாசிக்கத்தான் வேண்டுமா என்று யார் கேட்பது?

பழைய பதிவுகளைக் கைவிட்டுவிடாதீர்கள். அந்த அம்மாளின் பதிவை நானும் சில மாதம் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் போட்டேன். அந்த ஐந்து சுர இடம் வந்தது. மூன்றாவது சுரத்தில் நான் நின்றுவிட்டேன். பதிவு பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.