மாத்திரை, டோஸ், பக்கவிளைவு: கேளுங்க, பொது மருத்துவர் பதில் சொல்றாங்க

கேள்வி: மேடம், அப்பாவுக்கு 68 வயசு, பிபிக்கு அம்லோடிபின் 10 போடுறார். ரெண்டு மாசமா கணுக்கால் வீங்குது. வேற ஒரு டாக்டர் நீர் மாத்திரை எழுதினார், போட்டும் வீக்கம் வத்தல. கிட்னி போயிடுச்சோன்னு பயமா இருக்கு.

பதில்: கிட்னி, ஹார்ட் ரெண்டையும் ஒருதரம் பாத்துடணும் தம்பி, ஆனா அம்லோடிபின் 10னு சொன்னதுமே எனக்கு சந்தேகம் அது மேலதான். அது சின்ன ரத்தக்குழாய்கள விரிய வைக்குது, அங்கேர்ந்து நீர் கசிஞ்சு கால்ல தேங்குது, உடம்புல தண்ணி கூடினதால வர்ற வீக்கம் இல்ல இது, அதான் நீர் மாத்திரைக்கு அசையல. 5 மில்லிகிராம்ல இது கம்மி, 10ல ஜாஸ்தி. டோஸ குறைச்சு, கூட டெல்மிசார்டன் மாதிரி வேற வகை பிபி மாத்திரை ஒண்ண சேர்த்தா பெரும்பாலும் வடியும். இதுல கொடுமை என்னன்னா நீர் மாத்திரை சிலருக்கு ரத்தத்துல யூரிக் ஆசிட ஏத்தும், அதனால கால் கட்டைவிரல் வீங்கும், அதுக்கொரு வலி மாத்திரை, வலி மாத்திரை பிபிய ஏத்தும், மறுபடி பிபி மாத்திரைய கூட்டுவாங்க! புதுசா ஒரு தொந்தரவு வந்தா, இது ஏற்கனவே போடுற மாத்திரையோட வேலையான்னு பாத்துட்டுதான் அடுத்தத எழுதணும். நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதினவர்கிட்டயே இத கேளுங்க.

கேள்வி: அம்மாவுக்கும் பிபி, டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்த ஒரே மாத்திரை. முட்டி வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கறாங்க, பரவால்லயா டாக்டர்?

பதில்: பரவால்லன்னு சொல்ல மாட்டேன். இந்த மூணும் சேர்ந்தா கிட்னிக்குப் போற ரத்தம் நல்லாவே குறையும், அதுலயும் வாந்தி பேதின்னு உடம்புல நீர் வத்தின நேரத்துல திடீர்னு கிட்னி படுத்துடலாம். முட்டிக்கு மேல தடவுற ஜெல் போதுமான்னு பாருங்க, இல்லன்னா பாராசிட்டமால். கிட்னி எப்படி இருக்குன்னு தெரிய கிரியாட்டினின், பொட்டாசியம் ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க.

கேள்வி: குழந்தை 12 கிலோ, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் சிரப் எத்தன எம்எல்? அக்கா பையனுக்கு 5 எம்எல்னு எழுதிருந்தாங்க.

பதில்: அக்கா பையன் கணக்கு வேணாம்மா. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10லேர்ந்து 15 மில்லிகிராம், அப்போ உங்க குழந்தைக்கு 120லேர்ந்து 180. பாட்டில்ல 5 எம்எல்ல 125னு போட்டிருந்தா 5 எம்எல் சரி. 250னு இருந்தா அதே 5 எம்எல் ஓவர் டோஸ், 3 எம்எல் போதும். டிராப்ஸ்ல ஒவ்வொரு எம்எல்லயும் மருந்து இன்னும் ஜாஸ்தி, அத சிரப் அளவுல ஊத்திடவே கூடாது. நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேணாம். சமையல் ஸ்பூன தூக்கிப் போட்டுட்டு மூடியோட வர்ற அளவுக் கப்புல ஊத்துங்க.

கேள்வி: சளி மஞ்சளா வருது, டாக்டர் ஆன்டிபயாடிக் தரல. வேற டாக்டர பாக்கவா?

பதில்: நிறத்த வச்சு ஆன்டிபயாடிக் எழுத முடியாது சார், சாதா வைரஸ் சளியும் மஞ்சளாகும். தராதவர்தான் நல்ல டாக்டர். மூச்சு வாங்குனா, இல்ல பத்து நாள் தாண்டியும் விடலன்னா அவரையே திரும்பப் பாருங்க.

கேள்வி: தைராய்டு மாத்திரையும் கால்சியமும் காலைல ஒண்ணாப் போடலாமா?

பதில்: கூடாது. தைராய்டு வெறும் வயித்துல, கால்சியம் நாலு மணி நேரம் கழிச்சு, மதிய சாப்பாட்டோட வச்சுக்கோங்க. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதேதான்.